செல்லைச் சொடுக்கி எண்ணைப் படிப்பது: ரெஸ்இன்சைட்டில் நோர்னே மாதிரி

நிலத்தடிப் பாறையின் கணினி மாதிரியில் ஒரு மூலை சிவப்பாகத் தெரிகிறது என்பதால் அங்கே எண்ணெய் நிறைய இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நிறப் பட்டையின் எல்லையை மாற்றினால் அதே இடம் பச்சையாகிவிடும். நம்பத்தக்கது செல்லுக்குள், அதாவது மாதிரியைப் பிரித்திருக்கும் சிறு கட்டிக்குள், இருக்கும் எண். அதைச் சரியாக எடுக்கும் முறையை ரெஸ்இன்சைட் என்ற இலவச, திறமூல மென்பொருளில் பார்ப்போம். எடுத்துக்காட்டு, நார்வே கடலில் உள்ள நோர்னே எண்ணெய் வயல். இதன் மாதிரியை ஓபிஎம் (ஓப்பன் போரஸ் மீடியா) என்ற திறமூலத் திட்டத்தார் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அளவு 46 × 112 × 22, அதாவது 1,13,344 செல்கள்.

ஓபிஎம் தருவது உள்ளீட்டுக் கோப்புகள்தான். முதலில் அவற்றை ஃப்ளோ என்ற அவர்களின் சிமுலேட்டரில் ஓட்டுங்கள். பிறகு உருவாகும் இகிரிட் (EGRID, கட்டத்தின் வடிவம்) கோப்பை ரெஸ்இன்சைட்டில் இம்போர்ட் செய்யுங்கள். இனிட் (INIT, மாறாத பண்புகள்), யுஎன்ஆர்எஸ்டி (UNRST, காலத்தோடு மாறும் மதிப்புகள்) கோப்புகள் அதே ஃபோல்டரில், அதே பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் வரும், ஆனால் நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு), அழுத்தம் எதுவும் பட்டியலில் வராது.

இனி ஒரு செல்லின் மேல் இடது கிளிக். 'ரிசல்ட் இன்ஃபோ' பலகத்தில் அதன் ஐ, ஜே, கே எண்கள் (ஐ, ஜே கிடைத் திசைகள், கே மேலிருந்து கீழாக அடுக்கு), நீங்கள் தொட்ட புள்ளியின் ஆயத்தொலைவுகள், அப்போது தேர்ந்திருக்கும் பண்பின் மதிப்பு எல்லாம் வரும். பலகம் காணவில்லை என்றால் ரெஸ்இன்சைட்டின் 'விண்டோஸ்' மெனுவில் தேடுங்கள். கவனம்: கிளிக் படுவது கண்ணுக்கு முன்னால் இருக்கும் பரப்பில். குறுக்குவெட்டு ஒன்றைப் போட்டுவிட்டு மறந்திருந்தால், செல்லின் வெளி முகத்தைத் தொட்டதாக நினைத்து அந்த வெட்டைத் தொட்டிருப்பீர்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க மாதிரியைச் சுழற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. செல்லின் மேல் வலது கிளிக் செய்து கே அடுக்குக்கு ஒரு ஃபில்டர் போடுங்கள். மற்ற அடுக்குகள் மறைந்துவிடும்.

அந்த ஃபில்டரை கே 4-க்கு மாற்றினால் திரை காலியாகும். மென்பொருள் கெட்டுவிடவில்லை. நோர்னேயில் 1 முதல் 3 வரை கார்ன் படிவம் (பாறை அடுக்குத் தொகுதி), 5 முதல் 11 வரை இலே, அதன் கீழே டோஃப்டே, டில்யே. நடுவே உள்ள 4-வது அடுக்கு நாட் படிவம். எண்ணெய், வாயு கடக்க விடாத தடை. அதனால் அதன் செல்கள் செயலற்றவையாக, அதாவது கணக்கில் சேராதவையாக, விடப்பட்டிருக்கின்றன. செயலற்ற செல்களைக் காட்டும் தேர்வை இயக்கினால் அடுக்கு தெரியும், ஆனால் அழுத்த மதிப்பு இருக்காது.

இந்தத் தடையைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. பண்பாக அழுத்தத்தைத் தேர்ந்து, கே 3-ல் ஒரு செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு, அதே ஐ, ஜே-யில் கே 5-ல் உள்ள செல்லையும் கிளிக் செய்யுங்கள். 'ரிசல்ட் பிளாட்' பலகத்தில் இரண்டுக்கும் காலவாரியான கோடுகள் வரும். கோடுகள் பிரிந்து போனால் தடை தன் வேலையைச் செய்கிறது. ஒன்றாகவே நகர்ந்தால் உடனே நாட் படிவத்தைச் சந்தேகிக்க வேண்டாம். பக்கத்தில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். பிளவில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் கார்னும் இலேயும் நேருக்கு நேர் ஒட்டி நிற்கலாம். அழுத்தம் அந்த வழியாகக் கசியும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது எண்களைப் பைத்தானுக்குக் கொண்டுபோகும்போதுதான். திரையில் எண்ணிக்கை 1-ல் தொடங்குகிறது. ரெஸ்டேட்டா போன்ற பைத்தான் நூலகங்களில் 0-வில். திரையில் (10, 20, 5) என்று வந்தால் அங்கே அது (9, 19, 4). மொத்தக் கட்டத்தில் அதன் வரிசை எண் 9 + 46 × (19 + 112 × 4), அதாவது 21,491. இந்த எண்ணை வைத்து இனிட் கோப்பின் நுண்துளைமை வரிசையில் மதிப்பை எடுத்தால் தவறான செல்லின் மதிப்பு வரும். காரணம், அந்த வரிசையில் செயலுள்ள செல்கள் மட்டுமே உண்டு. 4-வது அடுக்கின் 5,152 செல்களும் அதில் கிடையாது. துளைக் கனஅளவு மட்டும் விதிவிலக்கு, அது எல்லாச் செல்களுக்கும் எழுதப்படும். ஆகவே வரிசை எண்ணைச் செயலுள்ள எண்ணாக மாற்றிய பிறகே மதிப்பை எடுங்கள். நான்கைந்து செல்களைத் திரையிலும் நிரலிலும் ஒப்பிட்டால் பிழை உடனே அகப்படும்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். செங்குத்து அளவு பொதுவாக 5 மடங்கு நீட்டப்பட்டிருக்கும். உண்மையில் 5 பாகை சாய்ந்த அடுக்கு திரையில் ஏறத்தாழ 24 பாகையாகத் தெரியும். இரண்டு புள்ளிகளின் ஆயத்தொலைவைப் பலகத்திலிருந்து எடுத்துக் கணக்கிடுவதே நல்லது.

ஒரு செல்லைப் பற்றி இன்னொருவருக்கு எழுதும்போது திரைப்பிடிப்பு மட்டும் அனுப்பினால் போதாது. ஐ, ஜே, கே, காலப்படியின் தேதி, பண்பின் பெயர், அலகு ஆகிய எல்லாம் வேண்டும். மாதிரியில் உள்ளூர் நுண்கட்டம் (ஒரு பகுதியை மட்டும் சிறிய செல்களாகப் பிரித்தது) இருந்தால் அதன் பெயரையும் சேருங்கள். அதற்குள் எண்கள் மறுபடி 1-லிருந்து தொடங்கும்.