முடவாட்டுக்கால் சூப்: அடுப்பில் ஏற்றும் முன்பே நேரும் தவறுகள்

கிழங்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். முடவாட்டுக்கால் உண்மையில் பாறையிலும் மரக்கிளையிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் (fern) தண்டு. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் போலவே இருப்பதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டின் கொல்லிமலைக்குப் போனவர்கள், மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லப்படும் இதன் சூப்பைக் குடிக்காமல் திரும்புவது அபூர்வம்.

அதே பெரணி சிங்கப்பூரிலும் இயற்கையாக வளர்கிறது. தூங்குமூஞ்சி மரத்தில் பார்த்ததும் பறிக்கத் தோன்றும். வேண்டாம். இங்கே அதே சாயலில் வேறொரு பெரணியும் உண்டு. பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சாலையோரச் செடியில் வாகனப் புகையும் கொசுமருந்தும் படிந்திருக்கும். பூங்காவில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றமும்கூட. இந்தியாவிலிருந்து நடுவதற்காகப் பச்சைத் தண்டைக் கொண்டுவருவதென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும்.

சீன மருந்துக்கடையில் 'கூசுய்பூ' என்று கிடைப்பது இதன் நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். அதை மருந்தாக எடைபோட்டுத் தருவார்கள். சூப்புக்குச் சேர்ப்பதுபோல் அள்ளிப் போடக்கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது சுத்தம் செய்வதில்தான். ரோமத்தைக் கழுவினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது போகாது, தொண்டையில் அரிக்கும். கத்தியால் தோலோடு சீவி, இளம்பச்சைச் சதை தெரிந்தபின் கழுவுங்கள். சீவாமல் ஊறவைத்தால் ரோமம் தண்ணீரில் கலந்து சதையிலும் ஒட்டிக்கொள்ளும். நான்கு பேருக்குச் சீவிய சதை 100 கிராம் போதும். பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் மிதமான தீயில் அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் சாறு இறங்காது, நாரும் வேகாது. கடைசியில் வடிகட்டியே ஆகவேண்டும்.

மீந்த தண்டை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்த்து அழுகிவிடும். செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பூசணம் பிடித்ததைச் சீவிப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள்.

மூட்டுத் தேய்மானத்தை இது சரிசெய்யும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே பலதுறை மருந்தகத்தில் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது பெரிய தவறு. கர்ப்பிணிகளும் வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். மூட்டு வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.