பென் ஜான்சனைக் குதிரை மேல் பார்த்துத் தொடங்குங்கள்

கௌபாய் படங்களில் எனக்கு மிகப் பிடித்த குணச்சித்திர நடிகர் பென் ஜான்சன். அவரைப் புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஆஸ்கர் வாங்கித் தந்த படத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'ரியோ கிராண்டே' (1950). அதில் இரண்டு குதிரைகளின் முதுகில் குதிரைக்கு ஒரு காலாக வைத்து, நின்றபடியே ஓட்டிப் போய்த் தடுப்பைத் தாண்டும் காட்சி வரும். டூப் இல்லை, அவரேதான். அவருடைய முழங்கால்களை மட்டும் பாருங்கள். குதிரைகளின் ஆட்டம் எல்லாம் அங்கே அடங்கிவிடும். தோள் நேராக நிற்கும். நான் முதல்முறை பார்த்த அன்று தம்பியைக் கூப்பிட்டு மூன்று தடவை போட்டுக் காட்டினேன்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் படம் இன்னும் பிடிக்கும். 1918இல் ஓக்லஹோமாவின் ஃபோரேக்கரில் பிறந்தவர். அப்பா மாட்டுப் பண்ணைக்காரர், ரோடியோ என்னும் கௌபாய் வித்தைப் போட்டிகளின் வீரர். மகனும் பண்ணையில் நாளுக்கு ஒரு டாலர் கூலிக்கு இருந்தார். தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் ஒரு படத்துக்காக வாங்கிய குதிரைகளை ஹாலிவுட்டில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு 300 டாலர் கிடைத்தது. அப்படியே அங்கே தங்கி டூப் போட ஆரம்பித்தார். 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) படப்பிடிப்பில் ஆட்கள் இருந்த வண்டியோடு குதிரைகள் மிரண்டு ஓட, இவர் விரட்டிப் போய் நிறுத்தினார். அதற்குப் பரிசாக இயக்குநர் ஜான் ஃபோர்ட் ஏழு வருட ஒப்பந்தம் நீட்டினார். 'வாரம் 5,000 டாலர்' என்ற வரிக்கு மேல் படிக்காமல் கையெழுத்துப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்து 'ஷேன்' (1953). இங்கே குதிரையை விட்டுவிட்டு முகத்தைக் கவனியுங்கள். மதுக்கடையில் நாயகன் ஷேனைச் சீண்டி வம்புக்கு இழுப்பவரும் இவர்தான். பின்னால் மனம் மாறி ஷேனை எச்சரிக்க வருபவரும் இவர்தான். அந்த மாற்றத்துக்கு அவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான், அதுவே போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் ஒரு இடைவெளி விடுங்கள், ஏனென்றால் அவரும் விட்டார். 1953இல் சினிமாவை ஒதுக்கிவைத்து ரோடியோவுக்குப் போய்விட்டார். ஓடும் மாட்டின் கொம்புக்கு ஒருவர், பின்னங்காலுக்கு ஒருவர் என இரண்டு பேர் குதிரையில் இருந்தபடி சுருக்குக் கயிறு வீசும் போட்டியில் அந்த வருடம் உலகச் சாம்பியன் ஆனார். பட்டம் கிடைத்தது, பணம் மிஞ்சவில்லை. திரும்பி வந்தார்.

'த வைல்ட் பன்ச்' (1969) பார்க்கலாம். ரத்தம் அதிகம், குழந்தைகளோடு வேண்டாம்.

கடைசியாக 'த லாஸ்ட் பிக்சர் ஷோ' (1971). வசனத்தில் கெட்ட வார்த்தைகள் இருந்ததால் அவர் மறுத்த படம். ஃபோர்ட் பேசியபிறகுதான் சம்மதித்தார். திரையில் வருவது சுமார் பத்து நிமிடம். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அதற்குத்தான். ஏரிக்கரையில் உட்கார்ந்து, பல வருடங்களுக்கு முன் தன்னோடு அங்கே வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஃபோனைத் தள்ளி வைத்துவிடுங்கள். கேமரா மெல்ல அவர் முகத்தை நெருங்கும். அவர் குரலை உயர்த்தவே மாட்டார்.

அது முடிந்த கையோடு 'ரியோ கிராண்டே'யின் அந்தத் தாவலை மறுபடி போட்டுப் பாருங்கள்.