நின்றால் சூடு, ஓடினால் சரி: முதலில் ஃபேனைப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும்போது சூட்டு ஊசி நடுவில் அசையாமல் இருக்கும், கல்முனை நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் சிவப்பை நோக்கி ஏறும், திரும்ப ஓட வெளிக்கிட்டால் இறங்கிவிடும். உங்கள் கார் இப்படியென்றால் பெரும்பாலும் குறை காற்றில்தான். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நின்றால் முழு வேலையும் ஃபேன் தலையில். இது தெரியாமல் நான் கராஜ்காரர் சொன்னபடி, தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஸ்டார்ட்டில் விட்டு ஏசியைப் போடுங்கள். அநேகமான கார்களில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். ஏசி இல்லாமல் என்றால் தண்ணீர் 95, 100 பாகையைத் தொடும்போது சுற்றும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது திடீரென்று சுற்றலாம், அதனால் கையையும் சாரத்தையும் தள்ளி வையுங்கள்.

சுற்றவில்லையா? முதலில் பியூஸ், அப்புறம் ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலே. ஒரே இலக்கமுள்ள வேறொரு ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டாலே விடை கிடைத்துவிடும். எனக்கு அதுதான்: கல்லடிக் கடற்காற்றில் ரிலேயின் ஒரு கால் பச்சை பூத்துக் கிடந்தது. அதிலும் சரிவராவிட்டால் ஃபேன் சொக்கெட்டைக் கழற்றி, பற்றரியிலிருந்து 12 வோல்ட் நேரே கொடுங்கள். ஓடினால் மோட்டார் நல்லது, வயரையோ வெப்ப சென்சரையோ தேடுங்கள். யாராவது வயரை மாறிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள், அது உள்ளே இழுபட வேண்டும்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் சூடேறினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைப் பாருங்கள். அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் ஓடிய வண்டியென்றால் இதை மறக்கவே கூடாது. முன்னால் பார்க்கத் துப்புரவாகத்தான் தெரியும், ஆனால் ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மேலிருந்து டோர்ச் அடித்தால் பதரும் வைக்கோல் தூசும் எண்ணெயோடு சேர்ந்து சாக்குத் துண்டு போல ஒட்டியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்னுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பிரஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். விரல் பட்டாலே தகடு பொடியாக உதிர்ந்தால் உப்பு தின்றுவிட்டது, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

தண்ணீர் மட்டத்தை எஞ்சின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடி கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 பாகை தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது, சூட்டோடு திறந்தால் முகத்தில்தான் பாயும். மூடியின் ரப்பர் தளர்ந்தாலும் சீக்கிரம் கொதிக்கும், அது மலிவான சாமான். கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து உள்ளே அடைத்துவிடும், கூலன்ட் ஊற்றுங்கள்.

ரேடியேட்டருக்குள் குமிழி விட்டால், ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு வந்தால், பெரும்பாலும் எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

நடுவீதியில் ஊசி ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் போட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள், எஞ்சினின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும். கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் ஆடி மாதத்தில் இதைச் செய்தால் பின் சீற்றில் இருக்கும் மாமி ஏசுவார், ஏசட்டும்.