மார்கழி மழையில் வயல் வேலை: கூதலில் விறைக்காமல் இருக்க

வட இலங்கையின் வன்னியில் பனிக்கட்டி விழுவதில்லை. ஆனாலும் உடுப்பு நனைந்து காற்றும் அடித்தால், ஆள் விறைத்துப்போக 20 பாகைக் குளிரே காணும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது ஈரம்.

பருத்திச் சட்டையும் ஜீன்சும் தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக் கிடக்கும். உள்ளே பொலியெஸ்டர் ரி-சேர்ட், மேலே மழைக்கோட்டு நல்லது. கோட்டு இல்லையென்றால் பெரிய பொலித்தீன் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டு, இடுப்பில் கயிற்றால் கட்டுங்கள்; கட்டாவிட்டால் கீழால் காற்றேறும். வரம்பு வெட்டும்போது வரும் வியர்வையும் ஈரம்தான். மண்வெட்டி பிடிக்கையில் கழுத்தைத் திறந்துவிட்டு, ஓய்ந்ததும் மூடுங்கள்.

மாற்று உடுப்பு வீட்டில் இருந்து பயனில்லை. சாரம், சட்டை, துவாய், கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வயல் கொட்டிலில் தொங்கவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஏறும்போதே மாற்றவேண்டும்.

வெறும் வயிற்றோடு இறங்காதீர்கள். பிளாஸ்கில் சீனி கூடப் போட்ட தேத்தண்ணி இருக்கட்டும். கூதலுக்குச் சாராயம் என்பார்கள். அது இரத்தத்தைத் தோலுக்கு ஏற்றி உள்ளே உள்ள சூட்டை வெளியே விடும். சூடு பிடித்தது போலத் தெரியும், உடம்போ குளிர்ந்துகொண்டே போகும்.

தனியே போகவும் கூடாது. விறைக்கிறவருக்குத் தான் விறைப்பது தெரியாது, பக்கத்தில் நிற்பவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். நடுக்கம் முதற்படி. சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் விரல் தடுமாறினால் வேலையை நிறுத்துங்கள். நாக்குக் குழறி, கால் தடக்கி, "எனக்கொண்டுமில்லை" என்று அவர் சண்டைபிடித்தால் ஆபத்து. சூடேறாமலே நடுக்கம் நின்றால் இன்னும் மோசம்: நடுங்கக்கூட உடம்பில் தெம்பில்லை. உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

அது வரும்வரை காற்றுப்படாத இடத்தில் படுக்கவைத்து, ஈர உடுப்பைக் கழற்றித் துடைத்து, கீழேயும் மேலேயும் போர்வை போட்டுத் தலையையும் மூடுங்கள். சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிக் கமக்கட்டிலும் நெஞ்சிலும் வையுங்கள். கைகாலைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். அங்கே குளிர்ந்துபோன இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பினால் இதயத் துடிப்புக் குழம்பும். நல்ல நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்புத் தேத்தண்ணி.

இரவு யானைக் காவலுக்குப் போனால், தறப்பாளால் மூடிய கொட்டிலுக்குள் தணல் வைக்காதீர்கள். அதில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும்.

நாள் முழுதும் சேற்றில் ஊறிய காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள். வெடிப்பாலும் புண்ணாலும் எலிக்காய்ச்சல் ஏறும். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அதைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை கேளுங்கள். வழக்கமான அளவு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைந்தால், கண் சிவந்தால், பனடோலோடு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் நின்றதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.