ஐ5 3470-ஆ, ஐ7 3770-ஆ? பழைய டெஸ்க்டாப் வாங்கும் முன்

ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் தேடுறவங்களுக்கு இது. இன்டெல் கோர் ஐ5 3470, ஐ7 3770 ரெண்டும் 2012-ல வந்த ப்ராசஸர்கள், அதாவது கம்ப்யூட்டரோட மூளையான சிப். ரெண்டுலயும் 4 கோர் (வேலை செய்யுற பகுதி), 77 வாட். ஐ5-ல 4 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை), ஐ7-ல 8 த்ரெட். ஐ7-க்கு வேகமும் கொஞ்சம் கூட.

பில் போட, டைப் அடிக்க, யூடியூப் பார்க்க ஐ5 தாராளம். மிச்சப்படுற காசுல எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு) போடுங்க, ஆன் பண்ணும்போதே வித்தியாசம் தெரியும். கேம்னா கதை வேற. பெரிய கேம்கள்ல 4 த்ரெட்டும் முழுசா நிரம்பி, ஓடுற காட்சி திக்கித் திக்கி நிக்கும். அங்கதான் ஐ7 தாக்குப்பிடிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லேன்னா அந்தக் கூடுதல் காசு வீண். விண்டோஸ் 11-க்கு ரெண்டுக்குமே அதிகாரபூர்வ ஆதரவு இல்லை.

எதுவா இருந்தாலும், பக்கவாட்டு மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்ம உப்புக்காத்து பட்ட பெட்டின்னா ஸ்க்ரூ துருவேறி, யுஎஸ்பி ஓரத்துல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கும். அதை ஐ7-னு சொன்னாலும் வாங்காதீங்க. சுத்தமான போர்டுல ஐ5 கிடைச்சா தைரியமா எடுக்கலாம். ரெண்டுக்கும் ஒரே 1155 சாக்கெட்தான் (போர்டுல சிப் உட்காருற இடம்), பயாஸ் (போர்டுல இருக்கிற அடிப்படை மென்பொருள்) ஆதரிச்சா பின்னாடி ஐ7 மாத்திக்கலாம். மாத்தும்போது சிப்பை நேரா மேல தூக்குங்க, போர்டுல இருக்கிற பின் லேசுல வளைஞ்சிடும்.