பாக்குமட்டைத் தட்டு போடக் கடனும் மானியமும்: புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும்

பசுமைத் தொழில் என்றதும் சோலார், மின்சார வண்டி என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். மேட்டுப்பாளையம், ஆனைமலை, வாழப்பாடிப் பக்கத்துத் தோப்புகளில் தானாக விழுந்து கிடக்கும் பாக்குமட்டையைத் தட்டாக்குவதும் பசுமைத் தொழில்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்குத் தடை வந்த பிறகு இதற்கு நல்ல கிராக்கி. சில லட்சத்தில் தொடங்கிவிடலாம் என்பதால் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தொழில் வேறானாலும் பணத்துக்குப் போகும் வழி ஏறக்குறைய இதுதான்.

படி 1: முதலில் வாங்குகிற ஆள்

மானியம் எவ்வளவு என்று கேட்டுத் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். அது தலைகீழ். வங்கிக்குப் போவதற்கு முன் உங்கள் ஊர்ச் சமையல் காண்ட்ராக்டர், மண்டபக்காரர், பாத்திரக்கடை, அன்னதானம் நடக்கும் கோயில் என்று ஒரு சுற்று வாருங்கள். என்ன அளவுத் தட்டு போகிறது, எத்தனை நாள் கடன் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஏற்றுமதி ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டு கூடாது என்று சொன்னபோது, அந்த ஒரே சந்தையை நம்பியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள்.

படி 2: மட்டைக் கணக்கு

இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மிஷினுக்குக் கடன் கிடைத்துவிடும். மட்டை வாங்கக் காசு இருக்காது.

மட்டை நன்றாகக் காய்ந்து கிடைப்பது வெயில் காலத்தில். மழையில் நனைந்த மட்டை பூசணம் பிடித்துக் கறுத்துவிடும், அதில் போட்ட தட்டை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே கோடையிலேயே மொத்தமாக வாங்கி, கட்டுக்கட்டாகக் கட்டி, ஈரம் ஏறாத சாளையில் அடுக்கிவைக்க வேண்டும். பிறகு தேவைக்கு எடுத்துக் கழுவி, ஊறவைத்து, நீர் வடிந்ததும் சூடான டையில், அதாவது அச்சில், வைத்து அழுத்தினால் தட்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஓடப்போகும் மிஷினுக்குச் சித்திரையிலேயே பணம் போட்டாக வேண்டும். தட்டு விற்ற காசு கைக்கு வர இன்னும் ஒன்றிரண்டு மாதம். இந்த இடைவெளிக்கான பணம்தான் நடைமுறை மூலதனம். வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் அதைத் தனி வரியாகக் காட்டுங்கள். காட்டாவிட்டால் பிறகு கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டிவரும்.

படி 3: எந்தத் திட்டம்

குழுவாகச் செய்வதென்றால் மகளிர் குழு வங்கிக் கடன்தான் சுலபம். 1989-ல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய குழுக்களிலிருந்துதான் தமிழ்நாட்டில் இந்த வழி பரவியது. குழு குறைந்தது 6 மாதம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். கூட்டம், சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தையும் பார்ப்பார்கள். 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால், “ஏனுங்க சார், குழுக் கடனுக்கு அடமானம் இல்லைங்களே?” என்று மரியாதையாகவே கேளுங்கள்.

தனியாளாகச் செய்தால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். கைக்காசு 5 சதவீதம். பொதுப்பிரிவு ஆண்களுக்குக் கிராமத்தில் 25, நகரத்தில் 15, கைக்காசு 10. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இது கிடையாது.

4 லட்சத் திட்டம், கிராமத்துப் பெண் என்று வைத்துப் பார்ப்போம். மிஷின், டை, வயரிங் 2.5 லட்சம், நடைமுறை மூலதனம் 1.5 லட்சம். இதில் உங்கள் கைக்காசு 20,000, வங்கி தருவது 3,80,000. அந்தக் கடனில் பிறகு கழியும் மானியம் 1,40,000. ஆனால் மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி இல்லை, அந்த அளவு கடனுக்கும் உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள். தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் பிறகு கடனில் கழிப்பார்கள். “மானியத்தை வாங்கி மகள் கல்யாணத்தை முடிச்சிடலாம்” என்ற கணக்கு இங்கே செல்லாது.

மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டம் ஒன்றும் உண்டு. 25 சதவீத மானியம். இந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

படி 4: காகிதங்கள்

ஆதார், பான், வங்கிக் கணக்கு, படிப்புச் சான்று, இட வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி எண் உள்ள கொட்டேஷன், திட்ட அறிக்கை. தொழில் தொடங்கியதும் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அது முழுக்க இலவசம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பாக்குமட்டைக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் தென்னை நார்க்கழிவு கழுவும் தொழிலும் பசுமை என்றுதான் சொல்லப்படுகிறது. அந்தக் கறுப்புத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று, ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவைப் பார்த்த நம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 5: வங்கியில்

மேனேஜர் கேட்கப்போவது இரண்டுதான்: யார் வாங்குவார்கள், மாதம் எவ்வளவு கட்டுவீர்கள். முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்துக் காட்டுங்கள். முடிந்தால் இரண்டு மண்டபக்காரரிடம் “வாங்கிக்கொள்கிறோம்” என்று கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். தவணை விடுப்பைக் கேட்டு வாங்குங்கள், முதல் மாதத்திலிருந்தே கட்டச் சொன்னால் மட்டைக்கு வைத்த காசு அதில் போய்விடும்.

படி 6: பணம் வந்த பிறகு

மிஷின்காரருக்கு நேராக வங்கியே பணம் அனுப்பும். பில், ரசீது எதையும் தொலைக்காதீர்கள். மானியத்தைக் கழிப்பதற்கு முன் ஆய்வுக்கு ஆள் வருவார்கள். யூனிட் ஓடுகிறதா, திட்டத்தின் பெயர்ப் பலகை வாசலில் இருக்கிறதா, கணக்குப் புத்தகம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பலகையை முதல் வாரத்திலேயே மாட்டிவிடுங்கள்.