புது வீட்டுல கெமிக்கல் வாசனைய குறைக்கிறது எப்படி? முதல் தடவை கட்றவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

புது வீட்டுக்குள்ள போனதும் கண்ணு லேசா எரியும், தொண்டை கரகரங்கும், "புது வீட்டு வாசனை, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிடுவாங்க. அது பெரும்பாலும் ப்ளைவுட் பசையிலருந்தும் பெயின்ட்லருந்தும் கெளம்புற கெமிக்கல் வாசனைதாங்க. எல்லாத்தையும் நல்லதா போட பட்ஜெட் இடிக்கும், அதனால ராத்திரி முழுக்க கதவ சாத்திட்டு தூங்குற பெட்ரூமுக்கு காச முதல்ல ஒதுக்குங்க, காம்பவுண்டு சுவத்துக்கு எது அடிச்சா என்ன!

ஸ்டெப் 1: பழைய வீட்ட புதுப்பிக்கிறீங்களா

வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக்கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமல் ஜன்னல் கம்பிலயோ கதவுலயோ இருந்தா காய காய உப்புத்தாள் போடாதீங்க, ஈயத் தூசி பறக்கலாம், தண்ணி தொட்டு தேய்க்க சொல்லுங்க, புள்ளைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க. மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்து நல்லா இருந்தா அத நோண்ட வேணாம், ட்ரில் போட்டு உடைச்சாதான் அந்த நார் காத்துல பறக்கும், அது கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். கடையில இன்னும் விக்குதேன்னு புதுசா வாங்கிப் போட்றாதீங்க.

ஸ்டெப் 2: ப்ளைவுட் (இங்கதான் பெரிய வில்லங்கமே)

கப்போர்டு, லாஃப்ட், கட்டில்னு ஒரு பெட்ரூம்லயே எத்தன ஷீட் போகுதுன்னு பாருங்க. விலை கம்மியான எம்ஆர் கிரேடு (ஈரம் ஓரளவுக்குத்தான் தாங்குற ப்ளைவுட்), பார்ட்டிகிள் போர்டு (மரத்துகள் பலகை), எம்டிஎஃப் (மர நார அழுத்தி செஞ்ச பலகை) இதுல எல்லாம் பொதுவா யூரியா ஃபார்மால்டிஹைட் பசை, வெயிலும் ஈரமும் ஏற ஏற அதுலருந்து கண்ண எரிக்கிற ஃபார்மால்டிஹைட் வாயு வந்துக்கிட்டே இருக்கும், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. ஐஎஸ் 710 (இந்திய தர நம்பர்) முத்திரை போட்ட பிடபிள்யூபி, அதாவது கொதிக்கிற தண்ணியையும் தாங்குற ப்ளைவுட்ல பினால் பசை, வாயு ரொம்ப கம்மி. ஷீட்டோட ஓரத்த பாருங்க, பினால் பசைன்னா கோடு கருஞ்சிவப்பா தெரியும், ஆனா சாயம் கலந்தும் அப்படி காட்டலாம், அதனால பில்லுலயே ஐஎஸ் நம்பரும் "இ1" இல்லன்னா "இ0"ன்னும் (வாயு கம்மியா விடுற தரம்) எழுதி வாங்குங்க, எழுத மாட்டேன்னா அடுத்த கடைக்கு போயிடுங்க.

அப்புறம் கார்பெண்டர் அண்ணன்கிட்ட ரெண்டு விஷயம் முன்னாடியே பேசிடுங்க. ஒண்ணு, மைக்கா ஒட்ட மூக்க துளைக்கிற ரப்பர் பசை வேணாம், வெள்ளைப் பசை போதும். சீக்கிரம் பிடிக்காது, வெயிட் வச்சு காத்திருக்கணும்னு அலுத்துக்குவாரு, கூலி கொஞ்சம் சேத்து கொடுத்தாவது செய்ய வைங்க. ரெண்டு, உள்பக்கம், பின்பக்கம், அறுத்த ஓரம் எல்லாத்தையும் மூடணும். கண்ணுக்கு தெரியாத இடம்தானேன்னு விட்ட ஓரத்துலருந்துதான் வாயு அதிகமா வரும்.

ஸ்டெப் 3: பெயின்ட்

வாசனை இல்லன்னா கெமிக்கல் இல்லன்னு அர்த்தம் கிடையாது. டேட்டா ஷீட் கேளுங்க, விஓசி (பெயின்ட்லருந்து ஆவியாகி காத்துல கலக்குற கெமிக்கல்) லிட்டருக்கு 50 கிராமுக்கு கீழ இருந்தா சரி, ஆனா கடையில மெஷின்ல கலக்குற கலர்லயும் விஓசி இருக்கலாம், அதனால டார்க் ஷேடு பெட்ரூமுக்கு வேணாம். கதவுக்கும் கிரில்லுக்கும் தண்ணில கரையிற எனாமல் கிடைக்குது, தின்னரே தேவையில்ல.

சுண்ணாம்புன்னா இன்னும் நல்லது, பூஞ்சை சுலபத்துல பிடிக்காது. சுவத்த நனைச்சிட்டு, வடிகட்டின சுண்ணாம்புத் தண்ணிய மெல்லிசா மூணு கோட் அடிக்கணும். பழைய எமல்ஷன் மேல ஒட்டாது, உரிஞ்சு வந்துரும். கண்ணாடியும் கிளவுஸும் இல்லாம சுண்ணாம்புக் கல்ல தண்ணி ஊத்தி நீத்தாதீங்க, கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. சாஞ்சா சட்டையில வெள்ளை ஒட்டும், அத பொறுத்துக்கத்தான் வேணும்.

ஸ்டெப் 4: முகூர்த்தத்துக்கு முன்னாடி கேப் விடுங்க

நம்ம ஆளுங்க கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் பெயின்ட் அடிச்சிட்டு, மறுநாள் பால் காய்ச்சி குழந்தையோட அங்கயே படுப்பாங்க. பெயின்டும் மரவேலையும் மூணு நாலு வாரம் முன்னாடியே முடியிற மாதிரி கான்ட்ராக்டர்கிட்ட தேதி பேசுங்க, அந்த மூணு நாலு வாரமும் பகல் முழுக்க ஜன்னலும் கப்போர்டு கதவும் தெறந்தே கிடக்கட்டும். முகூர்த்தம் நெருங்கிட்டா பால மட்டும் காய்ச்சிட்டு கெளம்பிடுங்க, சாமான் ஏத்துறத அடுத்த மாசம் பாத்துக்கலாம்.